காதுக்குள் அம்மா

குருவி “சரிம்மா” என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சமர்த்தாக உட்கார்ந்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய அம்மா அப்போது வாயையே திறக்கவில்லை.

அம்மா அடுப்பின் முன்னால், பொங்கத் தயாராக இருந்த பாலை முறைத்தபடி நின்றிருந்தாள். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சன்னல் மேலிருந்த தகர மறைப்பில் நீர் சொட்டும் ஓசையும், ஃப்ரிட்ஜின் முனகலும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் கரகரப்பும், காயாத துணிகளிலிருந்து கிளம்பி வீடெங்கும் பரவியிருந்த ஈர வாடையும் சேர்ந்து அந்தச் சாயங்காலத்தைத் தூங்க வைத்திருந்தன. ‘கையைக் கழுவு’ என்று சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தது நிஜம். நினைத்ததோடு சரி.

“கழுவச் சொல்லி யாரு சொன்னா?” என்று திரும்பிக் கேட்டாள்.

குருவி அவள் உதட்டைப் பார்த்தாள். பிறகு காதைத் தொட்டுக் காட்டி, “நீதான்” என்றாள்.

சொல்லாமலே கை கழுவுகிற பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்படி ஒரு பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று மனசுக்குள்ளேயே ஒரு கேலியும் வந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

குருவிக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதுக்குப் பின்னாலும் நீல நிறத்தில் கருவி மாட்டியிருப்பாள். அது இருந்தால்தான் அவளுக்கு உலகம் சத்தம் போடும். காதுக் கருவி பொருத்தும் நிலையத்தில் வேலை பார்ப்பவள் வீட்டிலேயே இப்படியா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உண்மையில் குருவிக்கு இப்படி என்று தெரிந்த பிறகுதான் அம்மா அந்த வேலையைக் கற்றுக்கொண்டு அங்கே சேர்ந்தாள். கேட்பவர்களுக்கு அதைச் சொல்லி அலுத்து, ஒரு கட்டத்தில் சிரித்து வைக்க ஆரம்பித்தாள்.

கருவியோடு ஒரு சின்ன மைக்கும் உண்டு. காலரில் குத்திக்கொள்ளலாம். பள்ளியில் டீச்சர் அதைக் குத்திக்கொண்டு பேசினால், அவர் முதுகைக் காட்டி நின்றாலும், வகுப்பே இரைச்சல் போட்டாலும், பேச்சு கம்பியில்லாமல் நேரே குருவியின் காதுக்குள் வரும். மைக்கில் குரல் வந்தவுடன் சுற்றுப்புறச் சத்தத்தைக் கருவி தானாகவே அமுக்கிவிடும். குழந்தை ஒரே ஒருவரை மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

வீட்டுக்கென்று அம்மா தனியாக ஒரு மைக் வாங்கியிருந்தாள். குழந்தைக்குப் பேச்சு வரவேண்டும் என்று வருஷக்கணக்கில் அதைக் காலரிலிருந்து கழற்றாமல் பேசிக்கொண்டே இருந்தாள். துணி மடிக்கும்போதும் பேசினாள், பாத்திரம் விளக்கும்போதும் பேசினாள். பேசுவதற்கு விஷயம் தீர்ந்து போனால் பல்லியைப் பற்றிப் பேசினாள். கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் எப்போதாவது லைன் கிடைத்துக் கூப்பிட்டால், “என்ன, நம்ம வீட்டு ரேடியோ நல்லா ஓடுதா?” என்றுதான் ஆரம்பிப்பான். ரேடியோ நன்றாகவே ஓடியது. குருவிக்குப் பேச்சு வந்தது. இனி முகத்தைப் பார்த்து, எல்லாரையும் போல நேராகக் கேட்டுப் பழகட்டும் என்று நிலையத்து டாக்டரம்மா சொன்னதால், பள்ளி லீவு விட்ட அன்று மைக்கைக் கழற்றித் துணி அலமாரியில் போட்டாள்.

கை கழுவிய விஷயத்தை அவள் மறந்தே போயிருப்பாள். மறுநாள் மத்தியானம் நடந்ததுதான் மறக்க விடவில்லை.

குருவி அறையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முதுகு வாசலைப் பார்த்து இருந்தது. அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. பேட்டரி போய்விட்டதோ என்று பக்கத்தில் போய், பின்னங்கழுத்துக்குக் கிட்டத்தில் இரண்டு கையையும் தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள், உள்ளங்கை எரிந்தது. குருவி நிமிரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, யாரோ சொல்வதை முழுசாகக் கேட்டுக்கொள்பவள் போலத் தலையை லேசாகச் சாய்த்தாள். பிறகு ஆட்டினாள். பிறகு சிரித்தாள்.

பேட்டரி போயிருந்தால் குழந்தை சிணுங்கிக்கொண்டு வந்திருப்பாள். கருவி வேலை செய்துகொண்டிருந்தது. வேறு ஒரு குரலுக்கு வழி விட்டு, அம்மாவை அமுக்கி வைத்திருந்தது.

அவள் அலமாரிக்கு ஓடினாள். மடித்த துணிகளுக்கு அடியில் மைக் போட்ட இடத்திலேயே கிடந்தது. அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. சார்ஜ் சுத்தமாக இறங்கி, கல்லாகக் குளிர்ந்து போயிருந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள். அவனும் அதே நிலையத்தில்தான், கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, குருவி கருவியில பூட்டு நம்பர் போட்டியா இல்லையா?”

ஒவ்வொரு குழந்தையின் கருவிக்கும் ஒரு ரகசிய எண் கொடுக்கலாம். அந்த எண் தெரிந்த மைக் மட்டுமே அதோடு பேச முடியும். ஆனால் டீச்சர் மாறும்போதெல்லாம், மைக் உடையும்போதெல்லாம் எண்ணை மாற்ற வேண்டும். பெற்றோர் நிலையத்துக்கு அலைய வேண்டும், போனில் திட்டு வாங்க வேண்டும். அதனால் நிலையத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ‘தெறந்து விட்டுடு’ என்பார்கள். எந்த மைக்கும் எந்தக் குழந்தையோடும் பேசலாம். ஒரு தொந்தரவும் இல்லை. குருவியின் கருவியை அவள் தன் கையாலேயே திறந்து விட்டிருந்தாள்.

“வாசலைத் தெறந்து போட்டுட்டு யாரோ உள்ள வந்துட்டாங்கன்னா எப்படிக்கா?” என்றான் தம்பி. கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் குரலைத் தணித்துக்கொண்டான். “எவனோ கீழ வண்டியை நிறுத்திக்கிட்டு மைக்ல விளையாடுறான். அலை ரொம்ப தூரமெல்லாம் வராது. நான் வரேன்.”

“கருவியைக் கழட்டிடட்டுமா?”

“கழட்டலாம். ஆனா அவ கேக்கலன்னு தெரிஞ்சா அவன் கிளம்பிப் போயிடுவான். அவன் பேசினாத்தான் நான் பிடிக்க முடியும். நான் வர்ற வரைக்கும் மாட்டியிருக்கட்டும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் சரி என்றாள்.

தம்பி வந்து சேரும்போது மழை வலுத்து, வீட்டுக்குள் விளக்குப் போடும்படி இருட்டியிருந்தது. அலை எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கைக்கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். மூலத்தை நெருங்க நெருங்க அதில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். குருவி அவனைப் பார்த்ததும் முதுகில் தொற்றிக்கொண்டாள். அவளைச் சுமந்தபடியே அறை அறையாகப் போனான். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

“மாமா குதிரைக்கு மூச்சு வாங்குது, இறங்குடி” என்று அவளை நாற்காலியில் விட்டான்.

அக்காவிடம் ஏதோ சொல்லத் திரும்பியவன் அப்படியே நின்றான். அவள் சமையலறை வாசலில், உள்ளே இருட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கைக்கருவி அவளை நோக்கி இருந்தது. விளக்குகள் கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் ஏறிச் சிவந்து, அணைந்தன.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. பழைய மிஷின், அப்பப்ப உளறும்.” ஆனால் அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலே, வாசலின் மேற்சட்டம் இருக்கும் உயரத்தில் இருந்தது. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அடுப்பு. தொட்டி. மூடி வைத்த பாத்திரங்கள். அங்கே மட்டும் ஈர வாடை சற்றுக் கூடுதலாக இருந்தது போலத் தோன்றியது. அதைத் தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“கீழ ரெண்டு வேன் நிக்குது, நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்று அவன் கிளம்பினான். “கதவைச் சாத்திக்கோ.”

அவன் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது. அது மறைவதற்காகவே காத்திருந்தது போல, நாற்காலியில் இருந்த குருவி தலையைச் சாய்த்தாள்.

அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள். “கண்ணு, காதுக்குள்ள யாரு பேசுறா?”

“நீதான்.”

“நான் என்ன சொல்றேன்?”

குழந்தை தயங்கினாள். முதல் தடவையாக அவள் கண்ணில் ஒரு விலகல் தெரிந்தது.

“உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னே.”

அம்மாவுக்கு அப்போது ஒன்று உறைத்தது. போன வருஷம் கடைத்தெருக் கூட்டத்தில் குருவி கை நழுவிப் போய், அழுதுகொண்டு நின்றவளை யாரோ கூட்டிப் போகப் பார்த்தார்கள். அதன் பிறகு அவள் குழந்தைக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தாள். திரும்பத் திரும்பச் சொல்லி, ஒப்பிக்க வைத்து, அதைச் சரியாகச் சொன்னால் முத்தம் கொடுத்துப் பழக்கினாள். யார் வந்து என்ன சொன்னாலும் நம்பாதே. தெரிந்த முகமாக இருந்தாலும் போகாதே. காதுக்குள்ளே அம்மா சொன்னால்தான் போக வேண்டும். காதுக்குள்ளே பேசுவதுதான் அம்மா.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்று அவள் பெருமைப்பட்டிருந்தாள். நிலையத்தில் மற்ற அம்மாக்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

தம்பி வரும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்க்க வீட்டில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். டாக்டர் நெஞ்சில் வைக்கும் குழாய் மாதிரியேதான். முனையில் கருவியைப் பொருத்தி, குழந்தைக்கு என்ன கேட்கிறதோ அதைப் பெரியவர்களும் கேட்கலாம். தினமும் காலையில் செய்கிற சோதனைதான் என்பதால் குருவி மறுக்கவில்லை. வலது காதைக் காட்டினாள். அம்மா கருவியைக் கழற்றி முனையில் செருகி, குழாயைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் வெறும் இரைச்சல். மணலைச் சலிப்பது போல மெல்லிய, ஓயாத இரைச்சல். அதற்கு அடியில் மூச்சு. நிதானமான, நீளமான மூச்சு; ஒருவர் இழுத்து விடுவதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்ட மூச்சு. பிறகு ஒரு சின்னத் தொண்டைச் செருமல். பேச ஆரம்பிக்கும் முன் அப்படிச் செருமுவது யாருடைய பழக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய பழக்கம். அவளுடைய குரல்.

“பயப்படாத கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்.”

இத்தனை வருஷம் அவள் மைக்கில் பேசிய அதே குரல். அதே குழைவு, அதே ‘கண்ணு’. கதவே இல்லாத அந்த வழியில் இத்தனை நாளும் ஏதோ ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லியைப் பற்றிச் சொன்னதைக்கூடக் கேட்டிருக்கிறது. கேட்டுக் கேட்டு, அவளைப் போலவே பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது.

“அவ உன் ஒரு காதை வாங்கிட்டா. பரவாயில்ல. இன்னொண்ணைக் கொடுக்காத.”

குருவியின் கை மெல்ல எழுந்து இடது காதைப் பொத்தியது.

“நல்லாப் பாரு. என் மாதிரியே இருக்கா இல்ல? என் துணியைத்தான் போட்டிருக்கா. ஆனா அவ பேசுறது உன் காதுக்குள்ள வருதா?”

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“குருவி! நான்தான்டி! நான்தான் அம்மா!” அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கத்தல் தன் பிள்ளைக்கு ஒரு முனகலாகக்கூடப் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் அந்தக் கருவியைச் செய்திருக்கிறார்கள். அப்படித்தான் அவளே அதைச் சரி பார்த்து மாட்டி விட்டாள்.

“நான்தான் அம்மான்னு சொல்றா பாத்தியா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இப்பக் கையை நீட்டுவா பாரு.”

கழற்ற வேண்டும். அந்த இன்னொரு கருவியையும் பிடுங்கிவிட வேண்டும். வேறு வழி இல்லை. ஆனால் கையை நீட்டினால்...

நீட்டினாள்.

குருவி வீல் என்று அலறி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். விழுந்தாள். எழுந்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை அம்மா இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பயம் தன்னைப் பார்த்து. தன்னை மட்டும் பார்த்து.

“ஓடு கண்ணு.”

வாசற்கதவு திறந்தது. அம்மா பாய்ந்தாள். கவிழ்ந்த நாற்காலி கால் தடுக்கி, முழங்கால் தரையில் அடித்தது. எழுந்திருப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

“வெளித்தாழ் போட்டுடு. எட்டுதா? அப்படித்தான். என் தங்கம்.”

தாழ் விழுந்த ஓசை இரண்டு வழியாகக் கேட்டது. கதவு வழியாகவும், குழாய் வழியாகவும்.

இழுத்தாள். அசையவில்லை. தோளால் மோதினாள். அசையவில்லை. கூடத்துச் சன்னல் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்து இருக்கும். அங்கே ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தாழ்வார விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாரல் அடித்துத் தரை முழுக்க ஈரம். குருவி படிக்கட்டை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தாள். கீழே போகும் படி இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். மேல் வீட்டைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போகும் படி.

மேசையில் போன் அதிர்ந்தது. ஒரு காதில் குழாய். இன்னொரு காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு, போனை எடுத்து அங்கே வைத்துக்கொண்டாள்.

“அக்கா, வேன் ரெண்டும் காலி. கீழ யாருமே இல்ல.” தம்பிக்கு மூச்சு வாங்கியது. “ஆனா மிஷின்ல விளக்கு நிக்காம எரியுதுக்கா. கட்டடத்துக்குள்ளதான். அது... அது நகருது. மேல போகுது.”

“ஓடி வாடா. மாடிப்படி. குருவி...”

அவன் செருப்புகள் எங்கோ அடியில் தடதடத்தன. ரொம்ப அடியில்.

“கையைக் குடு கண்ணு” என்றது அவளுடைய குரல். “அம்மா கையைப் பிடிச்சுக்கோ.”

குருவி கையைத் தூக்கினாள்.

விரல்கள் மூடின. எதையோ பற்றிக்கொண்டு மூடின. அவள் தோள்கள் தளர்ந்தன. பயம் போய்விட்டது. கூட்டத்தில் தொலைந்து, அம்மா கை கிடைத்த பிள்ளைக்கு எப்படித் தளருமோ அப்படி. பார்த்துக்கொண்டிருந்த அம்மா சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

முதல் படி.

ஒரு பெண்ணின் கை இருக்கும் உயரத்தில்தான் அந்தப் பிஞ்சுக் கை இருந்தது. இரண்டாவது படியில் அது இன்னும் மேலே போனது. தலைக்கு மேலே. தோள் காதோடு ஒட்டும்படி. இன்னும் மேலே. கவுனின் ஒரு பக்கம் இழுபட்டு ஏறியது.

“குருவி!”

“திரும்பிப் பார்க்காத கண்ணு. அவ அழுவா.”

அம்மா அழுதுகொண்டிருந்தாள். குருவி திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்கட்டின் மேல் பாதியில் விளக்கு இல்லை. அந்த இருட்டின் விளிம்பில் குழந்தை ஒரு கணம் நின்றது தெரிந்தது. கை முழுசாக விறைத்து நீண்டிருந்தது. முகம் நிமிர்ந்து, தன் கையைப் பிடித்திருப்பவளின் முகத்தைத் தேடி, மேலே, இன்னும் மேலே, கூரை வரைக்கும் பார்த்தது. சிரித்தது. குதிகால்கள் ஈரப் படியை விட்டு எழுந்தன. பெருவிரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த படியை அதுவும் தொடவில்லை.